வைத்தியரைக் கேளுங்கள்: பச்சை வந்தால் போதுமா?

சென்ற இதழில், மாரடைப்பும் பாரிசவாதமும் வரக்கூடிய ஆபத்தைக் கணிக்கும் நிற அட்டையைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று இதழ் ஆசிரியரும் நினைக்கவில்லை. வந்தவற்றில் அரைவாசி ஒரே கேள்விதான்: "எனக்குப் பச்சை. இனிப் பயமில்லைத்தானே, டொக்டர் அம்மா?" அதைக் கொஞ்சம் விரிவாகக் கேட்ட ஆசிரியை ஒருவரின் கடிதத்தில் இருந்து தொடங்குகிறேன்.

விசுவமடுவில் இருந்து ஓர் ஆசிரியை: எனக்கு வயது 46. சுகவாழ்வு நிலையத்தில் பார்த்தபோது பிறசர் 136/84. சீனி இல்லை. சிகரட், வெற்றிலை ஒன்றும் இல்லை. கொலஸ்ரோல் 210. அட்டையில் பச்சை என்று சொல்லி, மருந்து தராமல் அனுப்பிவிட்டார்கள். லண்டனில் இருக்கும் என் அண்ணாவுக்கு வயது 58. அவருடைய கொலஸ்ரோல் வெறும் 5.4. ஆனால் அவருக்கு 14 சதவீத ஆபத்து என்று குளிசை தொடங்கியிருக்கிறார்கள். 5.4 உள்ளவருக்கு மருந்து, 210 உள்ள எனக்கு ஒன்றும் இல்லையா? எங்கள் அப்பா 51 வயதில் மாரடைப்பில் போனவர்.

ரீச்சர், முதலில் அந்த 210 இன் பயத்தைப் போக்கிவிடுகிறேன். லண்டனில் கொலஸ்ரோலை மில்லிமோலில் சொல்வார்கள், நாங்கள் மில்லிகிராமில் சொல்கிறோம். அவர்களுடைய எண்ணை 38.7 ஆல் பெருக்கினால் எங்களுடையது வரும். அண்ணாவின் 5.4 ஐப் பெருக்கிப் பாருங்கள், 209 வரும். இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான். சீனிக்கு 18 ஆல் பெருக்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் வீடுகளில், வட்ஸ்அப்பில் வரும் ரிப்போட்டைப் பார்த்து வீணாகச் சிரித்தவர்களும் உண்டு, வீணாக அழுதவர்களும் உண்டு.

இனி அட்டை. இப்போதுள்ளது உலக சுகாதார நிறுவனம் 2019 இல் திருத்தி வெளியிட்டது. உலகத்தை 21 பிராந்தியமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை போட்டிருக்கிறார்கள். இலங்கை அதில் இந்தியாவோடு இல்லை. தாய்லாந்து, இந்தோனேசியாவோடு தென்கிழக்கு ஆசியா என்ற பிரிவில் இருக்கிறது. 40 இல் இருந்து 74 வயது வரை பார்க்கலாம். அட்டை கேட்பது ஆறே ஆறு விசயம்: வயது, ஆணா பெண்ணா, புகைக்கிறீர்களா, மேல் பிறசர், சலரோகம், கொலஸ்ரோல். இரத்தம் சோதிக்க வசதி இல்லாத இடத்தில் கடைசி இரண்டையும் விட்டுவிட்டு உயரத்தையும் நிறையையும் கேட்கும் இன்னோர் அட்டை உண்டு. கட்டத்தில் உள்ள எண், அடுத்த பத்து வருடத்துக்குள் மாரடைப்போ பாரிசவாதமோ வரக்கூடிய சதவீதம். 5 க்குக் கீழ் பச்சை, 10 க்குக் கீழ் மஞ்சள், 20 க்குக் கீழ் செம்மஞ்சள், 30 க்குக் கீழ் சிவப்பு, அதற்கு மேல் கடுஞ்சிவப்பு.

உங்களைப் போன்ற 100 பெண்களை எடுத்தால், பத்து வருடத்துக்குள் ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்குத்தான் அது வரும் என்பதே பச்சை. அந்தச் சிலரில் நீங்கள் இல்லை என்று அட்டையில் எங்கும் எழுதப்படவில்லை. உங்களுடைய பச்சையில் பெரும் பங்கு உங்கள் வயது தந்தது, மீதி பெண்ணாகப் பிறந்தது தந்தது. அண்ணா உங்களை விடப் பன்னிரண்டு வயது மூத்தவர், ஆண். 14 க்கு அதுவே முக்கால் காரணம்.

மீதிக் காரணம், அங்கே பார்ப்பது வேறு கணக்கு. பிரித்தானியாவில் கியூரிஸ்க் 3 என்று கணினியில் போட்டுப் பார்ப்பார்கள். அது எந்த இனத்தவர், எந்தத் தபால் பகுதி, சிறுநீரக வருத்தம் உண்டா, வாதமூட்டு வருத்தம் உண்டா, தாய் தகப்பன் சகோதரருக்கு 60 வயதுக்குள் இதய வருத்தம் வந்ததா என்றெல்லாம் கேட்கும். அங்கே 10 சதவீதம் தொட்டாலே கொலஸ்ரோல் குளிசை தரலாம் என்பது விதி. எங்கள் அட்டையோடு வரும் வழிகாட்டலில் அது 20. மருந்தும் காசும் குறைந்த நாடுகள் யாருக்கு முதலில் கொடுப்பது என்று போட்ட கோடு அது. நெஞ்சுக்குள் நடப்பது இரண்டு நாட்டிலும் ஒன்றுதான்.

எங்கள் அட்டை தகப்பனைப் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை. எனக்கு அதில் பெரிய மனக்குறை. தகப்பனுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 க்கு முன்னர், தாய்க்கோ அக்கா தங்கைக்கோ 65 க்கு முன்னர் வந்திருந்தால், அட்டை சொல்வதை விட உங்கள் ஆபத்து கூட என்றே எடுக்க வேண்டும். ஆகவே அடுத்த முறை போகும்போது, கேட்டாலும் கேட்காவிட்டாலும், "அப்பா 51 இல்" என்று சொல்லிக் கொப்பியில் எழுதுவியுங்கள். வருடம் ஒருமுறை திரும்பப் பாருங்கள். 136 என்பது 140 க்கு நாலு படி கீழேதான். 140/90 இல் நிலைத்துவிட்டால் எந்த நிறமானாலும் பிறசருக்கு மருந்து பேச வேண்டி வரும். கருவாடும் ஊறுகாயும் மேசையில் இருக்கும் நாளில் சொதிக்கு உப்புப் போட வேண்டாம். எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு தேக்கரண்டி உப்புத்தான் கணக்கு.

முல்லைத்தீவில் இருந்து ஒரு கடற்றொழிலாளி: வயது 38. கரைவலை இழுக்கிறேன். தனியார் இடத்தில் காசு கட்டி முழுப் பரிசோதனை செய்தேன், ஈ.சி.ஜி. நோர்மல் என்றார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து சிகரட்தான். அட்டை 40 இல்தானே தொடங்குகிறது, அப்படியென்றால் எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது என்று எடுக்கலாமா? இடைக்கிடை வலை இழுக்கும்போது நெஞ்சில் ஓர் இறுக்கம் வரும், குந்தினால் போய்விடும். வாய்வுதான் என்று இஞ்சிப் பிளேன்ரீ குடிக்கிறேன்.

தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரியைத்தான் நான் முதலில் எழுதியிருப்பேன். பாரம் இழுக்கும்போது இறுக்கம், ஓய்ந்தால் சில நிமிடத்தில் மறைவு. வாய்வு வலை இழுக்கும் நேரம் பார்த்து வராது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒடுங்கினால் இப்படித்தான் வரும். உங்களுக்கு அட்டையே வேண்டாம். ஒரு குணங்குறியும் இல்லாதவர்களுக்காகப் போட்டது அது. இதழ் கையில் கிடைத்த மறுநாளே மாஞ்சோலைக்கு, மாவட்ட வைத்தியசாலைக்குப் போங்கள். "வாய்வு" என்று சொல்லாதீர்கள். "வலை இழுத்தால் வருகிறது, குந்தினால் போகிறது" என்று இப்போது எழுதியதையே சொல்லுங்கள். அதுவரை கம்பான் கயிற்றில் கை வைக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னதாகச் சம்மாட்டியிடம் என் தலையில் பழியைப் போடுங்கள். சும்மா இருக்கும்போது அந்த இறுக்கம் வந்து கால் மணித்தியாலத்துக்கு மேல் நின்றாலோ, வியர்த்தாலோ, இடது கைக்கோ தாடைக்கோ ஏறினாலோ, விடியும்வரை காத்திருக்காமல் 1990 இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.

படுக்கையில் படுக்க வைத்து எடுத்த ஈ.சி.ஜி. அந்த நிமிடத்தில் இதயம் எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்லும். நாளைக்கு வலை இழுக்கும்போது என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தேவை, நடக்கவும் ஓடவும் விட்டுக்கொண்டே எடுக்கும் ஈ.சி.ஜி. அதை எங்கே, எப்போது என்பதை வைத்தியசாலையில் முடிவு செய்வார்கள்.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 52 நாடுகளில் செய்து 2004 இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் என்ற பெரிய ஆய்வில் இலங்கையும் இருந்தது. முதல் மாரடைப்பு வந்த தெற்காசியர்களின் சராசரி வயது 53, மற்ற நாட்டவருக்கு 59. எங்களுக்கு ஆறு வருடம் முந்துகிறது. "நாலைந்துதான்" என்கிறீர்கள். நாளுக்கு ஒன்றே ஒன்று புகைப்பவருக்குக்கூட, இருபது புகைப்பவருக்குக் கூடுகிற இதய ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதி கூடுகிறது. குறைத்துப் பயன் இல்லை, விட வேண்டும். விட்டு ஒரு வருடத்தில் அந்தக் கூடுதல் ஆபத்துப் பாதியாக இறங்கும். அட்டையும் விட்டு ஒரு வருடம் ஆகும்வரை உங்களைப் புகைப்பவர் பக்கத்தில்தான் வைத்திருக்கும்.

மல்லாவியில் இருந்து ஓய்வுபெற்ற கிராம அலுவலர்: மகன் கனடாவில் இருந்து அனுப்பிய மெசினில் வீட்டில் 128. கிளினிக்கில் 158. எதை நம்புவது?

ஐயா, கிளினிக் நாளை அப்படியே சொல்லட்டுமா? விடியற்காலை எழும்பி, வெறும் வயிற்றில், இரத்தம் எடுக்கவேண்டும் என்று பிறசர்க் குளிசையையும் போடாமல், முதல் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறீர்கள். நம்பர்த் துண்டு எடுத்து வேப்பமரத்தடியில் இரண்டு மணித்தியாலம். சலம் முட்டுகிறது, ஆனால் எழும்பினால் இடம் போய்விடும். பெயர் கூப்பிட்டதும் அவசரமாக வந்து, முதுகு சாயாத வாங்கில், கால் நிலத்தில் படாமல் இருக்கிறீர்கள். சட்டைக் கைக்கு மேலேயே பட்டி சுற்றப்படுகிறது. பட்டி இறுகும்போது மிஸ் "மகன் எப்ப வாறார்?" என்று கேட்கிறா, நீங்களும் பதில் சொல்கிறீர்கள். இதில் ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கூட்டும். கதைப்பது மட்டுமே பத்து வரை கூட்டலாம். அட்டையில் 20 க்கு ஒரு படி என்பதால், 128 க்கும் 158 க்கும் இடையில் ஒரு படி முழுதாக ஏறிவிடுகிறீர்கள். சில நேரம் நிறமே மாறும்.

அதற்காக வீட்டு எண்ணை மட்டும் நம்பி இருந்துவிடவும் வேண்டாம். மெசினை ஒருமுறை கிளினிக்குக்குக் கொண்டுவந்து, இரண்டிலும் பார்த்து ஒப்பிடுங்கள். மணிக்கட்டில் கட்டுவதாக இருந்தால் மகனிடம் மேற்கையில் கட்டுவது கேளுங்கள். ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும் இரண்டிரண்டு தரம் பாருங்கள்: ஐந்து நிமிடம் சும்மா இருந்து, முதுகு சாய்த்து, கை நெஞ்சு மட்டத்தில் வைத்து, வாய் மூடி. முதல் நாளை விட்டுவிட்டு மற்றதன் சராசரியைக் கொப்பியில் எழுதிக் கொண்டுவாருங்கள். வீட்டில் 135/85 என்றால் கிளினிக்கில் 140/90 க்குச் சமம் என்று நாங்கள் எடுப்போம். இரத்தம் எடுக்கும் நாளில் பிறசர்க் குளிசையை ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுவிட்டே வரலாம். சீனிக் குளிசையும் ஊசியும்தான் சாப்பாட்டுக்காகக் காத்திருக்க வேண்டும்.

முழங்காவிலில் இருந்து ஒரு மனைவி: என் கணவருக்கு வயது 57. 2009 இல் மாத்தளனில் செல் குண்டு பட்டு இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. ஜெய்ப்பூர்க் கால் போட்டிருக்கிறார். எங்கள் இடத்தில் நிறையும் உயரமும் வைத்துத்தான் அட்டை பார்த்தார்கள். உயரம் 170, நிறை 70, அளவான உடம்பு என்றார்கள். ஆனால் வயிறு வைத்திருக்கிறது. இரவில் நித்திரையும் இல்லை.

தங்கச்சி, உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. 170 சென்ரிமீற்றருக்கு 70 கிலோ என்றால் உடற்திணிவுச் சுட்டெண் 24. ஆனால் அந்த 70 கிலோவில் முழங்காலுக்குக் கீழே உள்ள கால் இல்லை. அந்தப் பகுதி உடல் நிறையில் ஏறக்குறைய 6 சதவீதம். அதைச் சேர்த்தால் அவர் நிறை 74 ஐத் தாண்டும், சுட்டெண் கிட்டத்தட்ட 26. அட்டையில் 25 இல் அடுத்த கட்டம் தொடங்குகிறது. செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு நிறுத்தார்களா, போட்டபடியே நிறுத்தார்களா என்பதையும் கேளுங்கள். போட்டபடி என்றால் அதன் நிறையை முதலில் கழிக்க வேண்டும்.

இந்தக் கூட்டல் கழித்தலை விட நல்ல வழி, இரத்தம் சோதித்துக் கொலஸ்ரோலும் சீனியும் பார்த்து மற்ற அட்டையைப் பயன்படுத்துவது. அதோடு தொப்புள் மட்டத்தில் ஒரு நாடாவைச் சுற்றிப் பாருங்கள்: எங்கள் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் என்றால் உடம்பு அளவாக இல்லை.

எந்த அட்டையும் கால் இருக்கிறதா என்று கேட்பதில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போரில் கால் இழந்த அமெரிக்கப் படையினரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 1980 இல் வெளியிட்ட ஆய்வில், முழங்காலுக்கு மேலோ இரண்டு காலுமோ போனவர்கள் இதய வருத்தத்தால் இறந்தது மற்றக் காயக்காரரை விட அதிகம். உங்கள் கணவருக்கு முழங்கால் தப்பியிருக்கிறது, அது நல்லது. ஆனால் நடை குறைந்தது, நிறை ஏறியது எல்லாம் அவருக்கும் பொருந்தும். வன்னியில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர்களை மஞ்சளில் கண்டால் செம்மஞ்சள் என்று நினைத்துத்தான் நான் மருந்து யோசிப்பேன். புத்தகத்தில் அப்படி இல்லை, அது என் வழக்கம். நித்திரை இல்லாததையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். "யுத்தத்துக்குப் பிறகு எல்லாருக்கும் அப்படித்தான்" என்று விட வேண்டாம். நித்திரையும் மனமும் குழம்பிய உடம்பில் பிறசரும் அடங்காது.

சுருக்கமாகச் சில. வவுனியா வடக்கில் இருந்து ஒருவர், சிறுநீரகக் கிளினிக்குக்குப் போகிறவர், தனக்கு ஏன் அட்டை பார்க்கவில்லை என்று கேட்கிறார். சிறுநீரகம் பழுதானவர் ஏற்கெனவே கூடிய ஆபத்தில் உள்ளவர், அட்டை அவருக்குக் குறைத்துச் சொல்லிவிடும். ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கும் பார்ப்பதில்லை, காரணம் அதேதான். ஒட்டுசுட்டானில் ஒரு தாய்க்கு வெற்றிலையோடு புகையிலையும் வேண்டும், அவ புகைப்பவரா என்று மகள் கேட்கிறா. அட்டைக்கு இல்லை. இதயத்துக்குப் புகையிலை புகையிலைதான். வெற்றிலையை விட முடியாவிட்டால் புகையிலைத் துண்டையாவது தட்டத்தில் இருந்து எடுத்துவிடுங்கள். தருமபுரத்தில் ஒரு பெண்ணுக்கு முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பிறசர் ஏறி, வலிப்பு வரப்போய்த் தப்பியது. அதெல்லாம் முடிந்த கதை என்று மாமியார் சொல்கிறாராம். முடியவில்லை. அப்படி வந்தவருக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பாரிசவாதமும் வரும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது என்றாலும் அந்தப் பழைய கர்ப்பிணிக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டலாம்.

நெடுங்கேணிப் பக்கத்தில் இருந்து ஒருவர்: எங்கள் வீடு பிரதான வீதியில் இருந்து உள்ளே. இரவில் யானையும் வரும். நடுச்சாமத்தில் பாரிசவாதம் வந்தால் முதலில் என்ன செய்வது?

மணிக்கூட்டைப் பாருங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது என்பதுதான் வைத்தியசாலையில் கேட்கும் முதல் கேள்வி. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள் மட்டும்தான், அதுவும் சீ.ரீ. படம் எடுத்து மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்று கண்ட பிறகுதான். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா, இரண்டு கையையும் நீட்டச் சொன்னால் ஒன்று விழுகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலே 1990. அந்த அம்புலன்ஸ் 2018 இல் இருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. வீட்டு இலக்கம் சொல்லி ஒருவரும் உங்களைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். எந்த மதகு, எந்தக் கோயில், எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லி, ரோச் லைற்றோடு ஒருவரை வீதிக்கு அனுப்புங்கள். யானைப் பயம் என்றால் இரண்டு பேரை அனுப்புங்கள், உழவு இயந்திரம் இருந்தால் அதன் வெளிச்சத்தைப் போடுங்கள்.

வாயில் தண்ணீர் வேண்டாம், புரையேறும். எண்ணெய் தேய்க்க வேண்டாம். புறா இரத்தம் தேடிப் போக வேண்டாம்; அதற்குப் போகிற மணித்தியாலம் திரும்பி வராது. அஸ்பிரினும் வேண்டாம், உள்ளே கசிவாக இருந்தால் அது கேடு. மாரடைப்பு என்று தெரிந்தால்தான், 300 மில்லிகிராம் அஸ்பிரின் ஒன்றைச் சப்பிக்கொண்டே வாகனம் ஏறலாம். குடற்புண்ணில் இரத்தம் போனவருக்கும் அது ஒத்துக்கொள்ளாதவருக்கும் அதுவும் இல்லை. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டால் "போய்விட்டது" என்று திரும்பப் படுத்துவிட வேண்டாம். அடுத்த சில நாட்களில் பெரியது வருவதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். அன்றிரவே போங்கள்.

கிளிநொச்சி, திருநகரில் இருந்து ஒரு கடைக்காரர்: முன்பு செம்மஞ்சளில் இருந்தேன். குளிசை போட்டுப் பிறசர் 124 ஆகிவிட்டது. அட்டையில் இப்போது மஞ்சள். குளிசையை நிறுத்தலாமா?

அந்த 124 உங்களுடையது இல்லை, குளிசையினுடையது. மருந்து போட்டுக்கொண்டு அட்டை பார்த்தால் அது உண்மையை விடக் குறைத்துத்தான் காட்டும். நிறுத்தினால் சில கிழமையில் பழைய எண்ணுக்கே போய்விடுவீர்கள், தலையிடி எதுவும் வந்து அறிவிக்காது. 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுச் சமாளித்தவர்கள் நிறையப் பேர், சிலர் இன்னும் அந்தப் பழக்கத்தில் இருக்கிறார்கள். நீங்களும் அதில் ஒருவர் என்றால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள், ஏச மாட்டோம். நிறை குறைந்து, உப்புக் குறைந்து, எண் நெடுக 110 பக்கம் நின்றால் அளவைக் குறைப்பது பற்றி நாங்களே பேசுவோம். அடுத்த முறை வரும்போது கொப்பியோடு மீதிக் குளிசை மட்டைகளையும் கொண்டுவாருங்கள். எத்தனை மிச்சம் என்று மேசையில் வைத்து இரண்டு பேருமாக எண்ணிப் பார்க்கலாம்.